பதினோரு தடவை லடாக் போன ஏகாம்பரம்

மே 5, ஞாயிறு

பொம்மையின் கை உடைந்துவிட்டது! கடை வாசலில் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு நிற்குமே, அந்த ஆண் பொம்மை. நேற்று சாயங்காலம் அடித்த காற்றில் குப்புற விழுந்து வலது கை தோளோடு கழன்று போயிற்று. புதுப் பொம்மைக்கு விலை விசாரித்தேன். "இந்த விலைக்கு ஒரு ஆளையே நிறுத்தலாமேப்பா" என்று போனை வைத்தேன். வைத்த பிறகுதான் புத்தியில் பட்டது. ஆள் ஏற்கெனவே இருக்கிறான். சம்பளமும் கேட்க மாட்டான்.

ஆகவே இன்று காலை கறுப்பு எருமைத்தோல் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நானே வாசலில் நின்றேன். ஆம்பூரில், மே மாதத்தில். டிபன் கொண்டுவந்த என் வீட்டுக்காரி சுலோச்சனா, "இன்னாங்க இது, உள்ள வெந்துடப் போறீங்க" என்றாள்.

"உள்ள வேகுறது யாருக்குத் தெரியும்? வெளிய பளபளக்குது பாரு."

ஜாக்கெட் ஒரு பக்கம் என்றால் தலைமுடி ஒரு பக்கம். ரோட்டோரம் சாக்கு விரித்து பெல்ட் விற்றுக்கொண்டிருந்தவன் நான். மூன்று வருஷத்துக்கு முன் இந்த நெடுஞ்சாலை ஓரத்தில் ஷட்டர் போட்ட கடை பிடித்தேன். கடை மூன்று வருஷம் தாக்குப்பிடித்தால் திருத்தணி முருகனுக்கு முடி கொடுப்பதாக வேண்டிக்கொண்டு, அன்றிலிருந்து கத்தி படவிடவில்லை. முடி தோளைத் தாண்டிவிட்டது. தாடி நெஞ்சுக்கு வந்துவிட்டது. இந்த ஆடிக் கிருத்திகையோடு கெடு முடிகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து பையன்கள் பெரிய பெரிய பைக்கில் கும்பலாக ஏலகிரிக்குப் போவார்கள். இத்தனை நாள் என் கடையைத் திரும்பிப் பார்த்ததில்லை. இன்று ஒருவன் போகிறபோக்கில் என்னைப் பார்த்து இடது கையைத் தாழ இறக்கி இரண்டு விரலை நீட்டினான். அவன் பின்னால் வந்தவனும் அப்படியே. அதற்குப் பின்னால் வந்தவனும். ரெண்டு டீ சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று பக்கத்து டீக்கடையில் சொல்லி வைத்தேன். ஒருவனும் திரும்பி வரவில்லை. இரண்டையும் நானே குடித்தேன்.

மே 12, ஞாயிறு

அந்த இரண்டு விரலுக்கு அர்த்தம் தெரிந்துவிட்டது!

காலையில் பத்துப் பன்னிரண்டு பைக் கடை முன்னால் வந்து நின்றன. அவர்கள் சங்கத்துக்குப் பெயர் 'தார்ச்சாலைத் தம்பிகள்'. தலைவன் பெயர் ஜெரால்டு, கம்ப்யூட்டர் வேலை, முப்பது வயதிருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றியதும் கையைக் கொடுத்தான்.

"அண்ணா, போன வாரம் சல்யூட் வெச்சோமே, கவனிச்சீங்களா? பைக்காரனைப் பைக்காரன் ரோட்ல பார்த்தா வைக்கிறது. ரெண்டு சக்கரமும் தரையில இருக்கட்டும்னு."

பக்கத்து மெக்கானிக் பாஷா பாய் பழுது பார்த்து வைத்திருந்த ஒரு புல்லட் என் வாசலில் நின்றது. நின்று நின்று கால் கடுத்ததால் அதன்மேல் சாய்ந்திருந்தேன், அவ்வளவுதான். என் சொந்த வண்டி கடைக்குப் பின்னால் சாக்குக்கடியில் கிடக்கிறது. டி.வி.எஸ். ஃபிப்டி. அதில் தோல் மூட்டை ஏற்றி ஏற்றித்தான் இந்தக் கடை வந்தது.

"புல்லட் சூப்பர்ணா. லடாக் போயிருப்பீங்களே? எத்தனை தடவை?"

நான் தாடியைத் தடவினேன். பின்னாலிருந்து ஒருவன், "கேக்காத மச்சி. நெஜமா போனவன் எவனும் வாயத் திறந்து சொல்ல மாட்டான்" என்றான்.

வாயைத் திறக்காமல் இருப்பது பொய்யில் சேராது. வியாபாரத்தில் எனக்கு ஒரே ஒரு விரதம் உண்டு, ரெக்ஸினைத் தோல் என்று சொல்லி விற்றதில்லை. இன்றும் நான் எதையும் சொல்லவில்லை. அவர்களே சொல்லிக்கொண்டார்கள். போட்டோ எடுத்தார்கள். நாலு ஜாக்கெட்டும் ஒரு பெட்டி கையுறையும் போயிற்று. ஒருவன்கூடப் பேரம் பேசவில்லை! ஐம்பத்திரண்டு வயதில் அப்படி ஒரு வாடிக்கையை இன்றுதான் கண்ணால் பார்க்கிறேன்.

மே 14, செவ்வாய்

கடை திறக்கக் கொஞ்சம் தாமதம். கண்ணாடி முன்னால் காலர் சரியாக நிற்கவில்லை.

மே 19, ஞாயிறு

நான் பதினோரு தடவை லடாக் போயிருக்கிறேனாம். யார் கணக்குப் போட்டார்கள் என்று தெரியவில்லை. வேலூரிலிருந்தெல்லாம் வந்து என்னோடு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நிற்கும்போது பெருவிரலை பெல்ட்டில் மாட்டிக்கொண்டால் ஜாக்கெட் நன்றாக விழுகிறது. இது முழுக்க முழுக்க வியாபாரத்துக்காக.

இன்று ஒரு பெண் என்னை ஒரு வழி பண்ணிவிட்டாள். பெயர் சிந்துஜா, குடியாத்தத்துப் பெண், சென்னையில் வேலை. தார்ச்சாலைத் தம்பிகளில் ஒரே தங்கச்சி. மற்றவர்கள் என் தாடியைப் பார்த்து ஜாக்கெட் வாங்கினார்கள். இவள் ஜாக்கெட்டை மட்டும் பார்த்தாள். கையை உள்வெளியாகத் திருப்பித் தையலை நகத்தால் நெருடினாள். பிறகு மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து, ஹேண்டில் பிடிக்கிற மாதிரி குனிந்தாள்.

"அங்கிள், இது நிக்கிறவங்களுக்குத் தச்சது. வண்டியில உக்காந்தா முதுகு வெளிய தெரியுது பாருங்க. பதினோரு தடவை போனவரு நீங்க, இதக் கவனிக்கலயா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. "உனக்குத் தனியா தச்சுத் தரேம்மா" என்றேன். முதுகுப்பக்கம் நீளம் விட்டு, முழங்கையில் இரட்டைத் தோல் வைத்து. ஜூலையில் லடாக் போகிறாளாம், சங்கத்தோடு. "எங்கப்பா விட்டாதான். இன்சூரன்ஸ் ஏஜென்ட் அவரு. பைக்னு சொன்னாலே செத்தவங்க பேரா சொல்லுவாரு" என்று சிரித்தாள். சிரிப்பு முகத்தில் ஒரு நொடிதான் நின்றது.

மே 27, திங்கள்

காலில் இஸ்திரிப் பெட்டி சூடு பட்டுவிட்டது. வலது காலில், கெண்டைச் சதையில். மஞ்சள் போட்டேன்.

மே 28, செவ்வாய்

சுலோச்சனா காலையில் மருந்து தடவிக்கொண்டே கேட்டாள்: "இஸ்திரிப் பெட்டி எப்படிங்க கெண்டைக்கால் வரைக்கும் போச்சு?"

"கீழ வெச்சிருந்தேன்."

"ஓகோ. பாஷா பாய் சம்சாரம் சொன்னாங்க, நேத்து ஸ்கூல் மைதானத்துல யாரோ தாடிக்காரரு புல்லட்டோட ரெண்டு தடவை சாய்ஞ்சாராம். மூணாவது தடவை புல்லட்டு அவரு மேல சாய்ஞ்சுதாம். சைலன்சர் சூடு இப்படித்தான் நீளமா இருக்குமாம்."

கடைக்கு ஆள் சேர வேண்டுமானால் கொஞ்சம் தொழில் தெரிந்திருக்க வேண்டும் என்று விளக்கினேன். அவள் மருந்தை அழுத்தித் தடவினாள்.

ஜூன் 12, புதன்

மத்தியானம் கடையில் ஆளில்லை. கறுப்புக் குடை, மூக்குக்கண்ணாடி, சட்டைப்பையில் மூன்று பேனாவோடு ஒருவர் வந்தார். வாசலில் நின்று செருப்பைக் கழற்றப் போனார். கடைதான் சார், உள்ளே வாங்க என்றேன்.

"நீங்கதான ஏகாம்பரம்? நான் தயாளன். சிந்துஜாவோட அப்பா."

ஸ்டூலைப் போட்டேன். டீ வேண்டாம் என்றார். குடையை மடியில் படுக்கவைத்துக்கொண்டார்.

"எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராதுங்க. பைக்குன்னா எனக்குக் கண்ணுல தெரியறது க்ளெய்ம் ஃபாரம்தான். அதுல கையெழுத்துப் போட வர்ற தாய் தகப்பனைப் பார்த்துப் பார்த்து, ஒரே பொண்ணை அங்க அனுப்ப மனசு வரல. மூணு மாசமா வீட்ல சண்டை. அவ சாப்பாட்டுக்கு உக்காரமாட்டேங்கறா. போன வாரம் உங்க போட்டோவக் காட்டினா. பதினோரு தடவை போயிட்டு முழுசா வந்து நிக்கிறாரு பாருப்பான்னா. அதான் வந்தேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, அனுப்பிடறேன். இல்லன்னா நிறுத்திடறேன். எனக்கு வேற யாரைக் கேக்கறதுன்னு தெரியல."

வழக்கம்போல தாடியில் கை போயிற்று. பாதியில் நின்றுவிட்டது.

"ஞாயித்துக்கிழமை காலையில வாங்க சார். சொல்றேன்" என்றேன்.

எழுந்து போகும்போது தொங்கிய ஒரு ஜாக்கெட்டின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "அசல் தோலுங்களா?"

"அசல் சார்."

ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை. இன்று சொன்னதும் என் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினேன்.

ஜூன் 14, வெள்ளி

தையற்காரர் சிந்துஜாவின் ஜாக்கெட்டைக் கொண்டுவந்தார். ரொம்ப நன்றாக வந்திருக்கிறது. உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். வாசலில் நிற்கவில்லை. வெயில்.

ஜூன் 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சங்கத்துப் பையன்கள் எல்லோரும் இருந்தார்கள். சிந்துஜா அப்பாவைப் பார்த்ததும் வண்டியிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள், பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற மாதிரி. தயாளன் குடையை ஊன்றிக்கொண்டு, "சொல்லுங்க" என்றார்.

கடைக்குப் பின்னால் போய் சாக்கை உருவிவிட்டு என் டி.வி.எஸ்ஸைத் தள்ளிக்கொண்டு வந்து நடுவில் நிறுத்தினேன்.

"சார், நான் ஓட்டின வண்டி இது ஒண்ணுதான். இந்த முடி திருத்தணி முருகனுக்கு நேர்ந்துகிட்டது. இந்த ஜாக்கெட், என் பொம்மைக்குக் கை ஒடிஞ்சதால நான் மாட்டினது. லடாக் எந்தத் திசைன்னுகூட எனக்குத் தெரியாது."

ஜெரால்டு வாயைத் திறந்து மூடினான். "அண்ணா... அந்தப் பதினோரு தடவை?"

"திருத்தணிக்கு வேணா அத்தனை தடவை போயிருப்பேன் தம்பி."

பையன்கள் சிரித்த சிரிப்பில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். சிந்துஜா மட்டும் சிரிக்கவில்லை.

"இத்தனை நாள் வாய மூடிட்டு இருந்தீங்கல்ல அங்கிள், இன்னிக்கு ஒரு நாள் மூடியிருக்கக் கூடாதா?"

தயாளன் கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். "நல்லதுங்க. உண்மையச் சொன்னீங்க. முடிஞ்சுது. வாம்மா, போலாம்."

கடையை விட்டு இறங்குகிற ஆளை அப்படியே போக விட்டு எனக்குப் பழக்கமில்லை. கால் தானாகக் குறுக்கே போயிற்று.

"சார், ஒரு நிமிஷம். உங்க பொண்ணு வண்டி ஓட்டி நீங்க பார்த்திருக்கீங்களா?"

"இல்ல. அவ ஃப்ரெண்டு வீட்டுல வண்டிய விட்டுட்டு ஆட்டோல வருவா."

"சரக்கையே பார்க்காம வேணாம்னா எப்படி? வேணும்னு சொல்லவும் என்னைக் கேக்குறீங்க, வேணாம்னு சொல்லவும் என்னைத்தான் காட்டுறீங்க. நான் கடைக்காரன் சார். கடைக்காரன் பேச்சை நம்பியா தோல் வாங்குவாங்க? மடக்கிப் பார்க்கணும், மோந்து பார்க்கணும், வெயில்ல பிடிச்சுப் பார்க்கணும். இந்தப் பொண்ணு என் சரக்கை அப்படித்தான் பார்த்தா. அவ சொன்னப்புறம்தான் என் தையல்ல தப்பு இருக்கறது எனக்கே தெரிஞ்சுது."

"இப்ப என்ன பண்ணணும்ங்கறீங்க?"

"வர்ற ஞாயிறு ஏலகிரி. அவ முன்னால போகட்டும். நாம பின்னால போய்ப் பார்ப்போம்."

"எதுல?"

டி.வி.எஸ்ஸின் சீட்டைத் தட்டினேன். தூசி எழும்பியது.

"ரெண்டு பேரை இழுக்குமா இது?"

"ரெண்டு மூட்டை பச்சைத் தோல் இழுத்திருக்கு."

"மலையில?"

"அது தெரியாது சார். மலையில ஓட்டினதில்ல."

தயாளன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உண்மை பேச ஆரம்பிச்சா உங்களால நிறுத்த முடியாது போலிருக்கு" என்றார். ஆனால் வருகிறேன் என்றும் சொன்னார்!

ஜூன் 23, ஞாயிறு

சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை. எழுத்து கோணலாக வரும்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். முதலில் சிந்துஜா. அவளுக்குப் பின்னால் நானும் தயாளனும். எங்களுக்குப் பின்னால் தார்ச்சாலைத் தம்பிகள் அத்தனை பேரும். ஒருவன்கூட எங்களை முந்தவில்லை! யானை மாதிரி பைக்கெல்லாம் என் டி.வி.எஸ். வேகத்துக்கு உறுமிக்கொண்டு ஊர்ந்தன. லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு ஹாரன் அடித்தார்கள். தயாளன் என் காதருகே, "இந்தப் பாலத்துல ஒரு கேஸ்... அந்த டேங்க்கர் திரும்புற இடத்துல ஒரு கேஸ்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மலையில் இரண்டாவது வளைவிலேயே வண்டி முனக ஆரம்பித்தது. நான் எதுவும் சொல்வதற்கு முன் தயாளன் இறங்கிவிட்டார். வளைவு வந்தால் அவர் குடையை ஊன்றி நடப்பார், சமதரை வந்தால் ஏறிக்கொள்வார். ஒவ்வொரு வளைவுக்கு மேலேயும் சிந்துஜா ஓரமாக ஒரு காலை ஊன்றி, கண்ணாடியில் எங்களைப் பார்த்தபடி காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை.

பாதி மலைக்கு மேல் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. வண்டியும் நல்ல இழுப்பில் இருந்தது. ஒரு வளைவில் வேகத்தை விட்டால் ஏறாது என்று வலது பக்கமாக வெட்டப் பார்த்தேன். தயாளன் பின்னால் உட்கார்ந்திருந்தார். முன்னே சிந்துஜா வளைவுக்குள் நுழையாமல் நின்றுவிட்டாள். கையை அகல நீட்டினாள், எங்கள் எல்லோருக்கும் சேர்த்து. நான் பிரேக்கை நெரித்தேன். அடுத்த நொடி மேலிருந்து ஒரு சுற்றுலா பஸ் ரோடு முழுக்க அடைத்துக்கொண்டு திரும்பியது. நான் போயிருக்க வேண்டிய இடத்தை அதன் பின்பக்கம் பெருக்கித் துடைத்துக்கொண்டு போயிற்று.

என் தோளில் தயாளனின் கை இருந்தது. ஜாக்கெட் தோலையும் தாண்டி அழுத்தம் தெரிந்தது.

"எப்படிம்மா தெரிஞ்சுது?" என்றேன்.

"முந்தின வளைவுலயே மேல மரத்துக்கு நடுவுல வெள்ளையா ஒண்ணு அசைஞ்சுது அங்கிள். அது எங்க வந்து திரும்பும்னு பார்த்துட்டே வந்தேன். நீங்க வலது பக்கம் வெட்டாதீங்க, அசிங்கமா இருக்கு."

மலை உச்சியில் டீ குடித்தோம். பலாச்சுளை தின்றோம். ஜெரால்டு என் டி.வி.எஸ்ஸுக்கு மாலை போட்டான். தயாளன் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. பையன்கள் அவரைப் பார்ப்பதும் டம்ளரைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். சிந்துஜா அவர் பக்கமே திரும்பவில்லை, செயினுக்கு எண்ணெய் விடுகிற சாக்கில் கீழே உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லிடுங்க."

"டீ ஆறுது, குடிங்க."

கிளம்பும் நேரத்தில் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். நேராக மகளின் பைக்கிடம் போனார். பின் சீட்டைக் கையால் அமுக்கிப் பார்த்தார்.

"இதுல எங்கம்மா பிடிச்சுக்கணும்?"

சிந்துஜா எழுந்தாள். அவள் முகத்தை எழுத எனக்கு வராது. ஹெல்மெட்டை அவர் தலையில் மாட்டி, கொக்கியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

இறங்கும்போது என் வண்டியின் பின் சீட்டில் அவருடைய குடை மட்டும் வந்தது.

ஜூலை 6, சனி

இன்று கிளம்பினார்கள்! சிந்துஜா வந்து ஜாக்கெட்டை மாட்டி, ஸ்டூலில் உட்கார்ந்து குனிந்தாள். முதுகு தெரியவில்லை. "இப்ப சரி" என்றாள். பிறகு பேரம் பேசினாள், அப்படி ஒரு பேரம்! பயணத்துக்குப் போகிற அத்தனை பேரில் அவள் ஒருத்திதான் பேசினாள். தோற்றேன். தயாளன் ஓரமாக நின்று அவள் பேருக்கு ஒரு புதுப் பாலிசியில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். "தொழிலு" என்றார் என்னிடம்.

ஜூலை 17, புதன்

போன். இரைச்சல். காற்றா வண்டியா தெரியவில்லை.

"அங்கிள்! உங்க கையுறை லெஃப்ட் பெருவிரல் தையல் விட்டுடுச்சு!"

"எங்கம்மா இருக்க?"

"ரொம்ப மேல! மூச்சு வாங்குது. பக்கத்துல ஐஸ் கிடக்குது. தையல் விட்டுடுச்சு, கேக்குதா?"

"மாத்தித் தரேம்மா! ரெண்டு ஜோடியா தரேன்!" என்று கத்தினேன். கடைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுலோச்சனா வாயில் கை வைத்துக்கொண்டாள். புகார் சொன்னவருக்கு நான் இரண்டாகக் கொடுத்து அவள் பார்த்ததில்லை.

தயாளனுக்குப் போட்டேன். அவருக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. "ரெண்டு சக்கரமும் தரையிலதான் இருக்குங்க" என்றார்.

ஜூலை 21, ஞாயிறு

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் கூட்டம் தாங்காது. முடியைத் தை மாதம் நிதானமாகக் கொடுக்கலாம் என்று சுலோச்சனாவிடம் சொன்னேன்.

"முருகன்கிட்டயே தவணை கேக்குறீங்களா?"

"கூட்டத்துக்காகச் சொன்னேன்."

"முடி போனா அந்தப் பசங்க திரும்பிப் பார்க்க மாட்டாங்க. அதான?"

இல்லை என்றேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன், அதற்காக இல்லை.

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: "மூணு வருஷமாச்சு. உங்க மூஞ்சி எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு எனக்கு."

புதுப் பொம்மைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 29, திங்கள்

பஸ்ஸில் போகலாம் என்றாள் சுலோச்சனா. மாட்டேன் என்றேன். விடியற்காலையிலேயே டி.வி.எஸ்ஸில் இரண்டு பேரும் கிளம்பினோம். ஆம்பூரிலிருந்து திருத்தணி, நூறு கிலோமீட்டருக்கு மேல். இவ்வளவு தூரம் நான் ஒரே நாளில் ஓட்டியதில்லை! வழியில் இரண்டு இடத்தில் இறங்கி அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். திட்டவில்லை. ஒரு இடத்தில் பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

மொட்டை போடுகிறவர் என் முடியை அள்ளிப் பிடித்துவிட்டு ஜாக்கெட்டைப் பார்த்தார். "சார் எங்கெங்க எல்லாம் ரைடு போயிருக்கீங்க?"

"ஆம்பூர்லேர்ந்து திருத்தணிக்கு வந்திருக்கேன். போடுங்க."

மடியில் விழ விழப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பைவிட வெள்ளைதான் அதிகம். தண்ணீர் ஊற்றி, சந்தனம் பூசி, திரும்பினால் சுலோச்சனா எதிரில் நிற்கிறாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "இந்த ஆளுதான்" என்றாள்.

திரும்பும்போது தூறல். ஜாக்கெட்டைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டேன். தலையில் மல்லிகைப் பூ, உடம்பில் எருமைத்தோல் ஜாக்கெட், மடியில் பிரசாதப் பை. முன்னால் சந்தன மொட்டையோடு நான். ராணிப்பேட்டை தாண்டி நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தபோது பின்னால் ஒரு பெரிய பைக்கின் விளக்கு கண்ணாடியில் தெரிந்தது. தனி ஆள். பின்னால் மூட்டை கட்டியிருந்தான். எங்கிருந்தோ ரொம்ப தூரத்திலிருந்து வருகிறவன்.

கை என்னைக் கேட்கவில்லை. அவன் பக்கத்தில் வந்ததும் இடது கையைத் தாழ இறக்கி இரண்டு விரலை நீட்டினேன்.

கடந்து போய்விட்டான். மொட்டைத் தலையனும் டி.வி.எஸ்ஸும் அவன் கண்ணில் பட்டிருக்காது என்று கையை எடுக்கப் போனேன். அப்போதுதான் அவன் இடது கை கீழே இறங்கியது. இரண்டு விரல். மழைக்குள் மறைகிறவரை அதை மடக்கவில்லை.

"யாருங்க அது? இன்னா கேக்குறான்?" என்றாள் சுலோச்சனா, என் முதுகில் தட்டி.

"ரெண்டு டீ சொல்றான்."

"அப்ப நிறுத்துங்க. எனக்கும் குளிருது."

நிறுத்தினேன். ஆளுக்கு ஒன்றாகக் குடித்தோம்.